வான் பாயாத தெய்வங்கள்

ரொறன்ரோவில் வளரும் என் தங்கையின் மகன் சென்ற ஆவணியில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, தானும் நண்பர்களும் சனிக்கிழமை இரவுகளில் மேசையைச் சுற்றியிருந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுக்குப் புதிய உலகம் ஒன்று வேண்டும் என்றும், அந்த உலகத்தின் சமயத்தை நான் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டான். "மாமா, உங்கட ஊர்ச் சாமியளின்ர பேரைக் கொஞ்சம் மாத்தித் தாங்கோவன், எங்களுக்கு அது காணும்" என்பது அவனுடைய யோசனை. எழுதித் தர ஒப்புக்கொண்டேன். பேரை மாற்றித் தர மட்டும் இணங்கவில்லை.

அவன் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். அந்த ஆட்டத்துக்கென 1980இல் வெளியான தெய்வங்கள் பற்றிய கைநூல் ஒன்றில் கிரேக்கத் தெய்வங்களுக்குச் சற்றுத் தள்ளி இந்திரனும் அக்கினியும் காளியும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி எத்தனை, எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்கும் கூடவே இருக்கிறது. கணக்கு இருந்தால் யாராவது ஒரு பிள்ளை அதைத் தீர்த்துப் பார்ப்பான். ஏ9 வீதியில் எவ்வளவு அவசரமாக ஓடும் வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, ஒரு தேங்காய் உடைத்து, ஒரு பொட்டலம் கச்சானும் வாங்கிக்கொண்டுதான் புறப்படும் என்பதைப் பார்த்து வளர்ந்த நான், அந்தப் பிள்ளையாருக்கு எத்தனை புள்ளி என்று யாரும் கேட்கும் நிலையை என் கையால் உண்டாக்க விரும்பவில்லை. ஆகவே தெய்வங்களைப் புதிதாகவே செய்வது என்று முடிவாயிற்று.

இத்தகைய ஆட்டங்களிலும் அவற்றை ஒட்டிய கதைகளிலும் வரும் தெய்வங்களைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் ஊர் அரசாங்கக் காரியாலயமான கச்சேரிதான் நினைவுக்கு வருகிறது. கடலுக்கு ஒருவர், போருக்கு ஒருவர், இறப்புக்கு ஒருவர், அறுவடைக்கு ஒருவர் என்று கிளை பிரித்து அமர்ந்திருக்கிறார்கள். விண்ணப்பம் உரிய மேசைக்குப் போய்ச் சேர்ந்தால் உரிய வரம் கிடைக்கிறது. அவர்கள் பிறந்தபோதே முழுமையாகப் பிறந்தவர்கள், அல்லது முழுமையைப் பற்றிய கவலையே இல்லாதவர்கள். மனிதன் எங்கே போகிறான் என்று கேட்கும் கதைகள் ஏராளம் உண்டு. தெய்வம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்கும் கதையை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

எங்கள் மரபுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. சைவ சித்தாந்தம் உயிர்களை விஞ்ஞானாகலர், பிரளயாகலர், சகலர் என மூன்றாகப் பிரிக்கிறது: உயிரைக் கட்டியிருக்கும் அழுக்குகளான மலங்களில் ஆணவம் ஒன்றே உள்ளவர்கள், ஆணவமும் கன்மமும் உள்ளவர்கள், அவற்றோடு மாயையும் சேர்ந்து மும்மலமும் உள்ளவர்கள். பிரமனும் திருமாலும்கூட அந்தக் கணக்கில் உயிர்களே. அவர்களுக்கும் மலம் உண்டு, அவர்களுக்கும் விடுதலை இனிமேல்தான். (வைணவ நண்பர்கள் பொறுத்தருள்க.) மார்கழியில் திருவெம்பாவை நாள்களின் விடியற்காலையில் பாடப்படும் திருப்பள்ளியெழுச்சியின் பத்தாம் பாட்டில், மண்ணுலகில் போய்ப் பிறக்காமல் நாளை வீணே கழிக்கிறோமே என்று அவ்விருவரும் ஏங்குவதாக மாணிக்கவாசகர் பாடுகிறார். சமணத்திலோ தேவர்கள் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் மனிதப் பிறவி எடுத்த பின்னரே வீடுபேறு அடையமுடியும். பனியில் நடுங்கிக்கொண்டு சேமக்கலம் தட்டியபடி ஊரைச் சுற்றிவந்த பத்து வயதில், தெய்வங்கள் மேலேயிருந்து எங்களைப் பார்த்து ஏங்குகின்றன என்று அந்தப் பாட்டுக்குப் பொருள் சொல்லப்பட்டபோது, என் காலில் செருப்புக்கூட இல்லாததை எண்ணி நான் வியந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வியப்பிலிருந்துதான் என் கற்பனைச் சமயத்தைத் தொடங்கினேன். முதலில் நான் செய்தது பிழையான வேலை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளையும், அவற்றின் பேறுகளான சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் ஆகியவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு, என் தெய்வங்கள் ஏறிச்செல்வதற்கு நான்கு படிகள் கொண்ட ஏணி ஒன்றை வகுத்து அனுப்பினேன். மருமகன் அதை வாசித்துவிட்டு, "மாமா, இது லெவல் வன், லெவல் டூ மாதிரியல்லோ இருக்கு" என்றான். அவன் சொன்னது நியாயமே. அப்பர் உழவாரத்தோடு நடந்ததும், சுந்தரர் இறைவனோடு தோழனாய் வழக்காடியதும் மதிப்பெண் சேர்த்து ஏறிய படிகள் அல்ல. அவரவர் இயல்புக்கு அமைந்த வழிகள். ஆனால் அவற்றின் உயிரை எடுத்துவிட்டு எலும்பை மட்டும் கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோனால் எஞ்சுவது ஏணிதான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து மறுபடியும் தொடங்கினேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது குளம்.

வன்னியில் பிறந்தவனுக்குக் குளத்தை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் வேலை தொடங்கப்பட்ட இரணைமடு போன்ற பெருங்குளங்களும், காட்டுக்குள் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடக்கும் சிறுகுளங்களும் சேர்ந்ததே எங்கள் நிலம். ஒவ்வொரு குளத்துக்கும் கட்டு உண்டு, நீரை அளந்து வயலுக்கு விடும் துருசு உண்டு, மேலதிக நீர் தானாக வழிந்து போவதற்குக் கட்டின் ஓரிடத்தில் தாழ்வாக அமைத்த வான் உண்டு. தமிழ்நாட்டில் கலிங்கு என்பதைத்தான் நாங்கள் வான் என்கிறோம். குளம் நிரம்பி அதன் வழியாக நீர் போகத் தொடங்கினால் 'வான் பாயுது' என்று ஊரே பார்க்கப் போகும். மேற்குளத்தின் வானால் வழிந்தது கீழ்க்குளத்துக்கு வரவாகிறது. வான் இல்லாத குளத்தைக் கட்ட எந்த மூடனும் முயலமாட்டான். ஏனெனில் நிரம்பியதை வைத்திருக்க நினைக்கும் குளம் உடையும்.

ஆகாயத்துக்கும் அந்த வழிவாய்க்கும் ஒரே சொல் இருப்பது எங்கள் பேச்சின் தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. என் சமயத்தின் பெயர் வான்நெறி. அது வழங்கும் நாடு ஏழ்குளம். காட்டின் உச்சியிலிருந்து கடல் வரை ஏழு குளங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக உள்ள நாடு. அங்கே ஒவ்வோர் உயிரும் ஒரு குளம். மழை, சருகு, மாட்டுச் சாணம், பிறர் கழுவிய அழுக்கு ஆகிய எல்லாம் அதற்குள் வந்து சேர்கின்றன. அது தன் விளிம்பு வரை நிரம்பி, தனக்கென்று எதையும் நிறுத்திக்கொள்ளாமல் வழிந்து போகும் நாளே விடுதலை. அதற்கு வான்பாய்வு என்று பெயர். வழிந்து போனவர்களையே அந்த நாட்டார் வானோர் என்கிறார்கள். தெய்வங்கள் வானோர் அல்லர் என்பதுதான் வான்நெறியின் முதற்கொள்கை. தெய்வங்கள் மிகப் பெரிய குளங்கள். பெரிய குளம் நிரம்ப நெடுங்காலம் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் அதை நிரம்பவிடாமல் தடுக்கும் ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறைதான் அத்தெய்வத்தின் பாதை, அதுவே அதன் அடியாரின் பாதையும் ஆகும்.

முதலில் உருவானவள் கட்டுநாச்சி. ஏழ்குளத்தின் மூன்றாம் குளம் உடையப்போன ஓர் இரவில், ஊரார் மண்ணும் மரமும் கொண்டுவரும் வரை வெடிப்பில் முதுகு கொடுத்து நில் என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் நின்றாள். போனவர்கள் திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை நான் எழுதவில்லை. எழுதினால் அது அவர்களுடைய கதையாகிவிடும். அவள் நின்றபடியே கட்டாகிப் போனாள், தெய்வமும் ஆனாள். அன்று முதல் தன் மேல் வந்து மோதும் ஒவ்வோர் அலையையும் எண்ணிக்கொண்டிருக்கிறாள், அவர்கள் வரும்போது கணக்கைக் காட்டுவதற்காக. அந்தக் கணக்கே அவளை நிரம்பவிடாத குறை. அதை விட்டால் இவ்வளவு காலம் நின்றது வீண் என்றாகிவிடுமோ என்ற அச்சத்தால் அவளால் அதை விட இயலவில்லை.

எனவே அவளுடைய நெறிக்கு எண்ணாமை என்று பெயர். அடியார்கள் நாள்தோறும் ஒரு கூடை மண்ணைக் கட்டில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அது எத்தனையாவது கூடை என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், ஒரு கூடை மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பவேண்டும். இந்த விதி மருமகனுக்கும் நண்பர்களுக்கும் மிகவும் பிடித்துவிட்டது. எதையும் எண்ணாமல் ஆடமுடியாத ஓர் ஆட்டத்தில், தன் மண்கூடையை எண்ணக்கூடாத பாத்திரம் ஒன்றை ஒரு பெண்பிள்ளை மாதக்கணக்காக நடத்திவருகிறாள். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு கேள்வி. அவள் எண்ணுவதை விட்டுவிட்டால் கட்டு நிற்குமா? அந்த மனக்குறையின் பலத்தில்தான் அவள் நிற்கிறாள் என்றால், அவளுடைய விடுதலை ஊருக்கு அழிவல்லவா? இதற்கு அவளுடைய பூசாரிமார் சொல்லும் விடை இது: கட்டுநாச்சி களைப்பால் கண்ணயர்ந்த இரவுகள் மூன்று உண்டு, அந்த மூன்று இரவுகளிலும் ஓர் அலைகூட எண்ணப்படவில்லை, கட்டும் அசையவில்லை. ஆனால் அவள் தூங்கிக்கொண்டிருந்தபடியால் அது அவளுக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்வதற்காகத்தான் பூசை நடக்கிறது.

இரண்டாமவர் துருசையன். இவரை எழுதும்போது என் அம்மப்பாவை ஒதுக்கி வைத்து எழுத என்னால் முடியவில்லை. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரமாக உள்ள சிறு குளமொன்றுக்கு அவர் நெடுங்காலம் வட்டவிதானையாக இருந்தார். எந்த வயல்வெளிக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று கூட்டத்தில் தீர்மானித்ததை அணுவளவும் பிசகாமல் நடத்துவது வட்டவிதானையின் கடமை. மழை பொய்த்த ஒரு சிறுபோகத்தில் முறைப்படி மேல்வெளிக்கு முதலில் நீர் விடப்பட்டது. கீழ்வெளியின் முறை வந்தபோது குளத்து நீர் துருசின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. குடலைப் பருவத்தில் நின்ற நெல் நின்ற நிலையிலேயே காய்ந்தது. அம்மப்பாவை ஒருவரும் குறை சொல்லவில்லை. கீழ்வெளிக்காரர்களே வந்து, "விதானையார் என்ன செய்யிறது, முறைப்படிதானே விட்டவர்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகு பல மாதங்களாக அவர் நடுச்சாமத்தில் எழுந்து, அரிக்கன் லாம்போடு வற்றிய குளத்தின் துருசைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று அம்மம்மா சொல்லியிருக்கிறார்.

துருசையனின் குறை அவருடைய நேர்மைதான். அவர் ஒருமுறையும் பிழைத்ததில்லை. அதனால் அவரை மன்னிக்க யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவருடைய நெறி பிழையேற்றல் எனப்படும். ஆண்டுக்கொரு நாள் அடியார்கள் துருசடியில் கூடுவார்கள். ஒருவர் எழுந்து, எந்த வழக்கிலும் தன்னைக் குற்றவாளியாக்க முடியாத ஒரு செயலுக்குத் தான் பொறுப்பு என்று சொல்வார். களவு, பொய், அடிதடி ஆகியவற்றை அங்கே சொல்லக்கூடாது, அவற்றுக்கு மணியகாரன் இருக்கிறான். சொன்னவரைப் பார்த்துக் கூட்டம் 'இல்லை, உம்மில் பிழையில்லை' என்று ஆறுதல் சொல்லக்கூடாது என்பதே இந்தச் சடங்கின் கடினமான விதி. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாய்க்காலில் கால் கழுவி வீட்டுக்குப் போகவேண்டும். துருசையனும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக வந்து நிற்கிறார், ஆனால் இன்னும் வாய் திறக்கவில்லை என்பது நம்பிக்கை.

பாலைக்கரடியார் சிறுவர்களின் தெய்வம். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பொன்னிறப் பழத்தின் பால் உதடுகளை ஒட்டவைக்கும் இனிமையும், அதே மரத்தின் மேலோ கீழோ கரடி நிற்கக்கூடும் என்ற பயமும் ஒன்றாகவே வரும். இந்தத் தெய்வத்துக்குப் பசி மட்டுமே உண்டு. அறிவு, வரம், கோபம் எதுவும் இல்லை. விடுதலைக்கு எல்லாரிலும் தொலைவில் நிற்பவர் இவரே, ஆகவே இவருக்குத்தான் அடியார் அதிகம். இவருடைய பாதை முழுவதும் ஒரே செயலில் அடங்கும்: என்றாவது ஒரு நாள் ஒரு மரத்தில் ஒரு கொப்பைத் தின்னாமல் விட்டுவிட்டு நடக்கவேண்டும். ஊழிக்காலமாக முயல்கிறார்; ஒவ்வொரு முறையும் பாதி வழியில் திரும்பி வந்து அந்தக் கொப்பையும் தின்றுவிடுகிறார். அடியார்கள் பழம் பிடுங்கும்போது ஒரு கொப்பை விட்டு வருவது அவருக்கு வழிகாட்டுவதற்காக. அதையும் அவர் தின்றுவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். (பழத்துக்காகக் கொப்பையே வெட்டி வீழ்த்துகின்ற எங்கள் ஊர் இளைஞர்கள் சிலரை இந்தச் சமயத்துக்கு மாற்றினால் நல்லது என்று எழுதும்போது எண்ணிக்கொண்டேன்.)

பேர்மாறி என்றொரு களத்துத் தெய்வமும் உண்டு. சூடடிக்கும் களத்தில் குவியும் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்றே சொல்லவேண்டும் என்று சின்ன வயதில் நான் வாங்கிய ஏச்சிலிருந்து பிறந்தவர் அவர். ஒவ்வொரு களத்திலும் வேறு பெயர் சூட்டப்பட்டு, எந்தப் பெயருக்கும் திரும்பிப் பாராத நாளில் விடுதலை அடைவார். அவரை இன்னும் நன்றாக எழுதவேண்டும்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒன்று விளக்கு. எதையும் கடன் வாங்குவதில்லை என்று நான் போட்ட விதியை இந்த ஓரிடத்தில் மீறிவிட்டேன். வைகாசியில் முல்லைத்தீவுத் தீர்த்தக்கரையில் எடுக்கப்படும் கடல்நீரை முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, எண்ணெய்க்குப் பதில் அந்த நீரிலேயே ஒரு கிழமை விளக்கெரித்து, அதன் பின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கொண்டுபோவதைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஏழ்குளத்தில் ஒவ்வொரு தெய்வத்தின் விளக்கும் அத்தெய்வத்தின் குறையை எண்ணெயாகக் கொண்டு எரிகிறது. குறை தீர்ந்தால் விளக்கு தானாக அணையும். சன்னதியில் விளக்கு எரிகிறது என்றால் தெய்வம் இன்னும் வழியில் இருக்கிறது என்பதே பொருள்.

போலிகளைப் பற்றியும் எழுதவேண்டியிருந்தது, ஏனெனில் போலியில்லாத சமயம் கற்பனையிலும் நம்பத்தகுந்ததாக இராது. வண்டல் சேர்ந்து மேடான குளம் ஒரு நாள் மழைக்கே வான் பாயும், பார்ப்பவர்கள் கைகூப்புவார்கள், பங்குனியில் அங்கே மாடு குடிக்கவும் தண்ணீர் இராது. ஏழ்குளத்தில் விரைவாக ஞானம் பெற்றுவிட்டதாகச் சொல்பவரிடம் 'எத்தனை முழம்?' என்று ஆழத்தைக் கேட்பது வழக்கம். இன்னொரு கூட்டத்தார் நிரம்புவதற்குப் பொறுமையில்லாமல் கட்டையே வெட்டிவிடுவது என்ற உடைப்பு நெறியைப் பிடித்தவர்கள். நீர் போய்விடுவது இரண்டிலும் ஒன்றுதான் என்பது அவர்களுடைய வாதம். வானால் போனால் குளம் எஞ்சும், உடைப்பால் போனால் பள்ளம் எஞ்சும் என்று மற்றவர்கள் பதில் சொல்வார்கள். ஆட்டத்தில் பகைவர் தேவை என்று மருமகன் கேட்டதால் உடைப்பாரைச் சற்று விரிவாக எழுதிக் கொடுத்தேன். அவர்கள் தீயவர்கள் அல்லர், அவசரக்காரர்கள் என்று மூன்று இடங்களில் அடிக்கோடிட்டும் வைத்தேன்.

வான்பாய்வை முழுநன்மையாகவே முதலில் எழுதியிருந்தேன். அதைத் திருத்த வைத்தது 2018 டிசம்பர். அந்த மாதம் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் குளங்கள் ஒரே நேரத்தில் நிரம்பின. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்து மக்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். இடுப்பளவு நீரில் ஒரு கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தபோது, மேலே நிரம்பி வழிவதைக் கீழே இருப்பவன் எப்படிக் காண்கிறான் என்பதை நான் அறிந்துகொண்டேன். அதனால் வான்நெறியில் ஒரு கடமையைச் சேர்த்தேன். ஒரு தெய்வம் வான் பாயும் காலம் நெருங்குகிறது என்று கண்டால், கீழே உள்ள ஊரார் தம் வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, தம் குளத்தைத் தூரெடுத்து, வருவதை ஏற்க ஆயத்தம் செய்யவேண்டும். தயாராகாத ஊரின் மேல் ஒரு தெய்வம் விடுதலை அடைந்தால் அந்த விடுதலை ஒரு வெள்ளம்தான். வழிபாடு என்று ஏழ்குளத்தார் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தூரெடுப்பு வேலையே.

இனி, எழுதத் தயங்கிக் கடைசிவரை தள்ளிப்போட்ட தெய்வம். ஏழ்குளத்தின் உச்சிக் குளத்தருகே காட்டுக்குள் ஒரு பாழ்ச் சன்னதி இருக்கிறது. அங்கே இருந்த தெய்வத்தின் பெயரை மறந்துவிட்டார்கள்; போனவர் என்றே சொல்வார்கள். வான் பாய்ந்த ஒரே தெய்வம் அவர். விளக்கு இல்லை, உருவம் இல்லை, மேலே ஒரு வீரை மரம் வேர்விட்டிருக்கிறது. இதில்தான் வான்நெறியார் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். போனார் என்போர், குறை தீர்ந்து விளக்கு தானாக அணைந்தது, ஆகவே அங்கே விளக்கேற்றுவது விடுதலை பெற்றவரைத் திரும்பக் கட்டி இழுப்பதாகும் என்பார்கள். விட்டோம் என்போர், அவர் எங்கும் போகவில்லை, பஞ்சத்தில் நாங்கள்தான் எண்ணெய் ஊற்றாமல் விட்டுவிட்டு ஓடினோம், இப்போது அந்தக் குற்றத்துக்கு ஞானம் என்று பெயர் வைக்கிறோம் என்பார்கள். அணைந்த விளக்கைப் பார்த்து இவற்றில் எது உண்மை என்று சொல்ல வழியில்லை. இரு கட்சியாருக்கும் சமமான வாதங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எது சரி என்று மருமகன் மூன்று முறை கேட்டும் நான் சொல்லவில்லை.

அம்மப்பாவின் குளக்கட்டில் ஒரு பாலை மரத்தின் கீழ் ஐயனார் இருந்தார். ஒரு கல், ஒரு சூலம், ஒரு தகரக் கூரை, வெள்ளிக்கிழமைகளில் ஒரு விளக்கு. காட்டுக்குப் போகிறவர்கள் ஒரு குழையை முறித்து அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். 2008இன் முடிவில் ஊரோடு நாங்களும் புறப்பட்டபோது அம்மம்மா போத்தலில் இருந்த எண்ணெய் முழுவதையும் அந்த விளக்கில் ஊற்றிவிட்டு வந்தார். 2010இல் திரும்பினோம். அம்மப்பா திரும்பவில்லை. குளக்கட்டில் நின்று பார்த்தால் பாலை மரம் தெரிந்தது, ஆனால் அங்கே போகும் பாதையில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். மிதிவெடி அகற்றி முடியும் வரை பல மாதங்கள் அந்த மரத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மாலையில் அம்மம்மா என்னிடம், "அவர் இருக்கிறாரோ, இல்லாட்டி அவரும் இடம்பெயர்ந்திட்டாரோ?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை.

பாதை திறந்த அன்று போய்ப் பார்த்தபோது கூரைத் தகரம் இல்லை, சூலம் சரிந்து கிடந்தது, கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மம்மா ஒன்றும் பேசாமல் கல்லின் மேல் இருந்த சருகை முந்தானையால் தட்டிவிட்டு, கொண்டுபோன சிட்டியில் எண்ணெய் விட்டார்.

சென்ற ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அங்கே சனிக்கிழமை இரவு; ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, பின்னால் பிள்ளைகளின் குரல் கேட்டது. அவர்கள் ஐந்து மாதம் நடந்து போனவரின் சன்னதிக்கு வந்து சேர்ந்துவிட்டார்களாம். மண்கூடையை எண்ணாத அந்தப் பெண்பிள்ளை, தன் பாத்திரம் அங்கே ஒரு விளக்கு ஏற்றப்போகிறது என்கிறாளாம்; போனார் கட்சியைச் சேர்ந்த இன்னொருவன் அவளைத் தடுக்கிறானாம். "மாமா, ஏத்தலாமோ? ஏத்தினால் என்ன நடக்கும்? அதுக்கு எத்தனை விழவேணும்?" என்று மருமகன் அவசரப்படுத்தினான்.

ஏற்றலாம், அதற்குத் தாயம் உருட்டத் தேவையில்லை என்று சொன்னேன். என்ன நடக்கும் என்று மறுபடியும் கேட்டான். எண்ணெய் இருக்கும் வரை எரியும் என்றேன்.